ஜெயம்மாள் வாங்கிக்கொண்ட நோய்

திருத்தணி மலையடிவாரத்தில் செருப்பு பார்த்துக்கொள்ளும் ஜெயம்மாள், கணவரின் நோயை முருகனிடம் கேட்டு வாங்கித் தன் உடம்பில் வைத்துக்கொண்டார் என்று ஊரே சொல்கிறது. பெண்கள் பஸ் ஏறி வந்து அவர் காலில் விழுகிறார்கள். முருகன் பண்டமாற்று தொடங்கிவிட்டாரா என்று விசாரிக்கப் போனேன்.

சாட்சியம் வலுவானதுதான். முதலில் கணவர் பக்தவச்சலத்துக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். அவர் தேறினார். பிறகு ஜெயம்மாளுக்கு அதே நோய், இன்னும் மோசமாக.

"பாவாவுக்கு ஒருநாள் சிவப்பா போச்சு," என்றார் ஜெயம்மாள். கணவரை அவர் அப்படித்தான் கூப்பிடுகிறார். "தெருவே கூடற மாதிரி கத்துனாரு. மறுநாளே மெட்ராஸுக்கு இட்டுகினு போனேன். உள்ள குழாய் விட்டுப் பார்த்து, கட்டியச் சுரண்டி எடுத்துட்டாங்க."

"உங்களுக்கு?"

"எனக்கும் சிவப்புதான். வலியே இல்ல. சூடுன்னு வெந்தயம் முழுங்கினேன். இங்க டாக்டரு இன்ஃபெக்‌ஷன்னு மாத்திரை குடுத்தாரு. நின்னுச்சு, திரும்ப வந்துச்சு, திரும்ப மாத்திரை. தீட்டு நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்னாங்க. பீடி குடிச்ச ஆம்பளை நோவு எனக்கெதுக்கு வரப்போவுதுன்னு நானும் இருந்துட்டேன்."

ஒரே வீடு, ஒரே கழிப்பறை, ஒரே சிவப்பு. ஆணுக்கு வந்தால் ஆபத்து, பெண்ணுக்கு வந்தால் சூடு. இப்படியே ஓராண்டு போயிற்று. இந்நோய் ஆண்களுக்கே அதிகம், ஆனால் வந்துவிட்டால் பெண்கள் பாடுதான் மோசம், தாமதம் அதற்கொரு காரணம் என்று சென்னை மருத்துவர் சொன்னாராம். ஜெயம்மாளின் சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது வயிற்றில் ஒட்டிய பிளாஸ்டிக் பையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார். நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன் அடுத்த வாரம்.

அதற்குள் ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த தேவகி என்ற பெண் காலில் விழுந்தார்.

"அம்மா, எங்க வூட்டுக்காரரு சர்க்கரைய எனக்கு மாத்திக் குடுங்கம்மா!"

ஜெயம்மாள் அவருடைய ஒற்றைச் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அது இருக்கட்டும். உனக்கு எப்பனாச்சும் சிவப்பா போயிருக்கா?"

தேவகி சுற்றுமுற்றும் பார்த்தார். "ஆங்... சூடும்மா. அப்பப்ப."

"உள்ள குழாய் விட்டுப் பார்க்கணுமான்னு பெரியாஸ்பத்திரில கேளு. பார்த்துட்டு வா, செருப்பு தரேன்."

தேவகி ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினார். ஜெயம்மாளுக்குப் பின்னால் ஒரு பலகை முழுக்கத் துணையில்லாத செருப்புகள்.

"பார்த்துட்டு வந்தவங்க வாங்கினு போயிட்டாங்க. இவளுங்க இன்னும் வரல."

"அப்போ நோயை வாங்கின கதை?"

"பொய்தான். ஒண்ணுக்குப் போற கதைய பேசலாம் வாடின்னா எவ வருவா?"

மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பலகையைக் கும்பிடத் தோன்றியது.

பக்தவச்சலம் டீயோடு வந்தார். தலையில் கருகருவென்று சாயம் போட்ட முடி. அவர் தேறியதும் ஜெயம்மாள் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டார். மனைவிக்காக அவர் வேண்டிக்கொண்ட மொட்டை மட்டும் பாக்கி.

"ஸ்கேனுக்கு முன்ன போட்டுரட்டுமா ஜெயா?" என்றார்.

"வேணாம் பாவா. பாக்கி இருந்தாதான் முருகன் என்னை வுட்டு வைப்பான். வசூல் ஆவணும்ல?"

பக்தவச்சலம் தலையைத் தடவிக்கொண்டார். முடி அப்படியே இருக்கிறது.