பொய்ப் பூச்சியும் அத்தானின் ஒரு சொல்லும்

என் அத்தான் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எந்த மாடியில் நின்றுபோன லிஃப்டானாலும் சத்தத்தை வைத்தே நோயைக் கண்டுபிடித்துவிடுவார். அதை வாயால் சொல்வதுதான் சிரமம்; அவருக்குத் திக்குவாய். முதல் எழுத்திலேயே பேச்சு நிற்கும். மீதியை என் அக்கா முடித்துவிடுவாள். "த... த..." என்றால் தண்ணீர் வந்து நிற்கும். அவர் கேட்டது தலையணையாக இருக்கும். நானும் உதவி என்று நினைத்து அதையேதான் செய்தேன். முந்திரிக்கொட்டைக் குடும்பம் எங்களுடையது.

போன வருடம் வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டு, துண்டுச் சீட்டில் எழுத ஆரம்பித்தார். 'சாப்பாடு போதும்' என்ற சீட்டைத் தட்டருகே பார்த்த அன்று அக்கா அழுதுவிட்டாள். மனிதர் ஒரேயடியாக ஊமையாகிவிடுவாரோ என்று பயம். அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போல் மீன் பிடிக்கக் கிளம்பியபோது, என்னையும் இழுத்துக்கொண்டு அவரோடு ஆற்றுக்குக் கிளம்பினாள்.

ஆற்றில் அவர் வேறு ஆள். கோழி இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றி, அரிசி அளவில் ஒரு பொய்ப் பூச்சி கட்டுவார். அது முழுகாது, நிஜப் பூச்சிபோல் நீர்மேல் மிதந்து வரும். குளிர்ந்த மலையாற்றில் வாழும் ட்ரௌட் மீன் நம்பி வந்து கவ்வும். உடனே இழுத்தால் காரியம் கெட்டது. அது வாயை மூடித் தலையைத் திருப்பும்வரை பொறுக்க வேண்டும்.

பொறுமைக்கும் அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம். தூண்டிலை அவளிடம் கொடுத்தார். மூன்று முறை மீன் வந்தது. மூன்று முறையும் படக்கென்று இழுத்தாள். கடைசி முறை பூச்சி பறந்து வந்து என் தொப்பியில் மாட்டியது.

அத்தான் சட்டைப்பையில் சீட்டைத் தேடினார். எல்லாம் நனைந்திருந்தன. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார்.

"நா... நான் சொ... சொன்னப்புறம் இழு."

நாலாவது முறையும் மீன் மேலே வந்து கவ்வியது.

"இ... இ..."

அக்காவின் கை துடித்தது. எனக்கே அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"...இழு!"

இழுத்தாள். கம்பு வளைந்தது. மீன் மாட்டிக்கொண்டது! அத்தான் அதைக் கரைக்குக் கொண்டுவந்து, முள்ளைக் கழற்றி, மெதுவாக நீரிலேயே விட்டார்.

"ஏங்க, இவ்வளவு பாடுபட்டுட்டு ஏன் விட்டீங்க?"

"அ... அது..."

நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

"அது பொ... பொய்ய நம்பி வந்துச்சு. தி... திங்க மனசு வரல."

கல்யாணமான இந்தப் பதிமூன்று வருடத்தில் எங்களிடம் அவர் சொல்லி முடித்த மிக நீளமான பேச்சு அதுதான். இத்தனை வருடமாக எதையெல்லாம் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டோமோ என்று எனக்கு வெட்கமாக இருந்தது.