ஃபார்மட் பண்ணினால் சரியாகிவிடுமாம்

என் கணவர் கல்லூரி நாளில் விளையாடிய கார் ரேஸ் சிடி பரணில் கிடைத்தது. கம்ப்யூட்டரில் போட்டால், 'இந்த விண்டோஸில் ஓடாது' என்றே வந்தது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தோம். மாலையில் போனதும் கடைக்காரர் சிரித்த முகமாக, "ஃபார்மட் பண்ணிட்டேன் மேடம், புதுசு மாதிரி கீது" என்றார்.

"கேட்காம எதுக்கு சார் பண்ணீங்க? எங்க பொண்ணு போட்டோ எல்லாம் அழிஞ்சிருக்குமே."

"இன்னா பிராப்ளமா இருந்தாலும் ஃபார்மட் பண்ணிட்டுத்தான் மேடம் பார்ப்போம்."

சிடியைப் போட்டுக் காட்டச் சொன்னேன். அதே 'ஓடாது'தான் வந்தது.

மாடம்பாக்கத்தில் இருக்கும் தங்கை ஆல்பத்துக்காகப் படங்களை முன்பே காப்பி எடுத்திருந்ததால் தப்பித்தோம்.

இப்போதெல்லாம் காப்பி எடுக்காமல் கம்ப்யூட்டரை வெளியே கொடுப்பதில்லை. கடையிலும் பக்கத்திலேயே நிற்கிறேன். "உட்காருங்க மேடம்" என்றால், "நீங்க மவுஸ்ல இருந்து கையை எடுங்க சார், உட்கார்றேன்" என்கிறேன்.