கடமான் பார்க்கப் போன ஞாயிறு

என் கணவர் இறந்து ஏழு மாதம் கழித்து, அவர் வருஷா வருஷம் போய்வந்த காட்டுக்கு நான் முதல் தடவையாகப் போனேன்.

நாங்கள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஓசூரில் அவருக்கு இரும்பு வார்க்கும் ஆலையில் வேலை, எனக்கு மின்னணுக் கம்பெனியில் பாகம் பொருத்தும் லைனில் நிற்கும் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போலக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். அதிலும் சில ஞாயிறுகளை அவர் அஞ்செட்டிக் காட்டுக்குக் கொடுத்துவிடுவார். வனத்துறை விலங்குகளைக் கணக்கெடுக்கும்போது தன்னார்வலராகப் போகிற பழக்கம் அவருக்கு. கணக்கெடுப்பு சில நாட்களில் முடிந்துவிடும். ஆனால் அதற்குப் பல வாரம் முன்பிருந்தே, கடமான்கள் எந்தப் பக்கம் மேய்கின்றன, எங்கே தண்ணீருக்கு இறங்குகின்றன என்று பார்த்து வைக்கக் கிளம்பிவிடுவார்.

"அன்னைக்குப் போய் எண்ணுனா பத்தாதா? மான் என்ன ஓடியா போயிரும்?" என்பேன்.

"ஓடித்தான் போயிரும்" என்று சிரிப்பார்.

காட்டுக்குள் போன் எடுக்காது. நாள் முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்து எனக்கு ஒரு கட்டத்தில் சந்தேகமே வந்துவிட்டது. அவர் குளிக்கப் போன நேரத்தில் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். புழுதியும் வியர்வையும்தான். அதை அவர் பார்த்துவிட்டார். துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அங்கிருந்த டாக்டர், "ரொம்ப நாளாவே மூச்சு வாங்கியிருக்குமே. வீட்டுல யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அதற்குப் பிறகு யார் என்ன ஆறுதல் சொன்னாலும் அந்தக் கேள்விதான் காதில் விழுந்தது.

காட்டில் அவருக்குத் துணையாக நடந்தவர் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர். அஞ்செட்டிக்கு மேலே உள்ள மலைக் கிராமத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். சாவுக்கு வந்து தூரத்தில் நின்றுவிட்டுப் போனார். அடுத்த கணக்கெடுப்பு நெருங்கியபோது போன் செய்தார்.

"அண்ணி, அண்ணன் போற வழியில இந்த ஞாயித்துக்கெழம போறேன். நீங்களும் ஒரு தடவ வந்து பாக்கறீங்களா? பாரஸ்ட் ஆபீசுல கேட்டுட்டேன்."

முதல் பஸ்ஸில் போனேன். காவலர் ஒரு சின்னத் துணி மூட்டையில் அடுப்புச் சாம்பல் வைத்திருந்தார். அடிக்கடி தட்டி, சாம்பல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, மான் மோப்பம் பிடிக்காதபடி காற்றுக்கு எதிராகவே என்னைக் கூட்டிப்போனார். ஓடை மணலில் பிளந்த குளம்படிகளைக் காட்டினார்.

"இது பொட்ட. பக்கத்துல சின்னது, குட்டி. காலையில தண்ணி குடிச்சிட்டு மேல போயிருக்குது."

கொம்பு உரசிப் பட்டை உரிந்த மரம், நெல்லிக்காய் தின்றுவிட்டுப் போட்ட புழுக்கை, கடமான்கள் படுத்துப் புரண்ட சேற்றுக்குழி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். என் கணவர் வீட்டில் வந்து சொன்னவைதான் எல்லாம். நான் காதில் வாங்காமல் காய் நறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மேடு தொடங்கும் இடத்தில் ஒரு பாறை இருந்தது. அங்கே காவலர் நின்றுவிட்டார்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். போன தடவ அண்ணன் இதுக்கு மேல ஏறல. நெஞ்சப் புடிச்சிக்கினு இங்கயே ஒக்காந்துட்டாரு. வேர்த்து ஊத்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு சொன்னேன். கேக்கல. வீட்டுல சொல்லிடாத, சொன்னா அவ என்னய காட்டுக்கே விடமாட்டான்னு கையப் புடிச்சிக்கினாரு."

"நீங்களும் சொல்லல."

"சொல்லல."

"ஒரு போன். ஒரே ஒரு போன் போட்டிருந்தா நான் அவர இழுத்துக்கிட்டாவது போயிருப்பேனே!"

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவர் பாறையை ஒட்டிக் குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "உங்க தெரு மொன வரைக்கும் ரெண்டு தடவ வந்தேன் அண்ணி. சொல்ல வாய் வரல" என்றார். நான் அவரைத் தேற்றவில்லை. எனக்கு மனம் வரவில்லை.

அப்போது மேலே மூங்கில் புதருக்குள்ளிருந்து கனத்த ஹாரன் போல ஒரு சத்தம் வந்தது. கடமான், எங்கள் பேச்சைக் கேட்டு மிரண்டு கத்தியது. தரையைக் காலால் உதைத்த ஒலி கேட்டது. பிறகு ஒரு பழுப்பு முதுகு, அதன் பின்னால் இன்னொரு சின்ன முதுகு, மேட்டில் ஏறி மறைந்தன. அவர் பழக்கதோஷத்தில் பாக்கெட்டிலிருந்து தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

பஸ் ஏறும்போது ஒரு பையில் நெல்லிக்காய் கொடுத்தார். வாங்காமல் ஏறிவிட்டேன். ஓசூரில் தளி ரோடு வரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டே வந்தேன். சட்டையை முகர்ந்த எனக்கு, வீட்டு மாடிப்படியில் அவர் நின்று நின்று ஏறியது ஏன் தெரியாமல் போயிற்று? ஒரே வீட்டில்தானே இருந்தேன். காவலர் மறைத்தது ஒரு நாளை. நான் பார்க்காமல் விட்டது எத்தனை நாள் என்று எனக்கே தெரியாது.

நாலு மாதம் கழித்து நானே காவலருக்குப் போன் செய்தேன். உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல நினைத்துத்தான் எண்ணை அழுத்தினேன். குரலைக் கேட்டதும் அது வெளியே வரவில்லை.

"அங்க மழை உண்டா?" என்று கேட்டேன்.

"நல்ல மழை அண்ணி. ஓடையில தண்ணி போவுது."

அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.