முப்பத்தொரு மீற்றர் வேலி

2023 செப்டெம்பர் 16, சனிக்கிழமை, முற்பகல் பத்து இருபது. பதின்மூன்று பாகை, தூறல் நின்று கால் மணி நேரம். இக்காஸ்ட் என்ற சிறு டேனிஷ் ஊரில் என் வீட்டு வாசலில் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக இரண்டு பெடியன்கள் நின்று, உங்கள் வேலியை வெட்டித் தரட்டுமா, காசு வேண்டாம் என்று டேனிஷில் கேட்டார்கள். முப்பத்தேழு வருடத்தில் இந்த நாட்டில் என்னிடம் காசு வேண்டாம் என்று சொன்னவர்கள் இவர்கள்தான். முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் வீட்டுக்கு முன்னால் முப்பத்தொரு மீற்றர் உயிர்வேலி நடைபாதையில் ஒரு சாண் சரிந்து நின்றது. முழங்கால் அறுவைக்குப் பிறகு ஏணியில் ஏற எனக்குத் தடை. நகரசபைக் கடிதம் வரும் என்ற யோசனையில் மூன்று கிழமை நித்திரை கெட்டவன், ஓம் என்று தலையாட்டினேன்.

மதம் பரப்ப வந்த மோர்மன் கிறிஸ்தவ சபையின் ஊழியர்கள், அமெரிக்கப் பிள்ளைகள். பெயர்ப்பட்டியில் இருந்த பெயர்கள் என் வாயில் வரவில்லை. பேசியவனை நெட்டையன் என்றே எழுதுகிறேன்; வயது பத்தொன்பது. ஒரு மணி நேரத்தில் பதினேழு மீற்றர் வெட்டிவிட்டார்கள். மனைவி இரண்டு கோப்பை தேநீர் கொண்டுவந்தாள். "நை தக்," வேண்டாம் நன்றி என்று சிரித்துவிட்டு, நெட்டையன் தன் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தான். மற்றவனும் அப்படியே செய்தான்.

இதைப் படிக்கும் யாழ்ப்பாணத்தார் சிலருக்கு விளக்கம் தேவைப்படாது. எங்களுடையது தாழ்த்தப்பட்ட சாதி. நான் அங்கே கணித ஆசிரியனாக இருந்தபோது, தங்கையின் கலியாணத்துக்கு உடன் படிப்பித்த உயர்சாதியார் பதினான்கு பேர் வந்தார்கள். பதினான்கு கோப்பைத் தேநீரும் ஆறிப்போனது. கண்ணுக்கு முன்னால் மூடி உடைத்த சோடாவை மட்டும் போத்தலிலேயே வாய் வைத்துக் குடித்தார்கள். மறுநாள் பாடசாலையில் கலியாணம் நன்றாக நடந்தது என்றும் சொன்னார்கள். அந்தப் பதினான்கு கோப்பைகளையும் கழுவியது அம்மா. அடுக்கியது நான்.

போதும், நன்றி என்று பெடியன்களை அனுப்பிவிட்டேன். நெட்டையன் மிச்ச வேலியைக் காட்டி ஏதோ கேட்டான். நான் கதவைச் சாத்தினேன். ஒன்பது நாள் வேலி பாதி சவரம் செய்த முகம்போல நின்றது. பிறகு மனைவி, தலைநகர்ப் பக்கம் ஹ்விடோவ்ரேயில் இருக்கும் மகளுடன் தொலைபேசியில் கதைத்து உண்மையை அறிந்தாள். அந்தச் சமயத்தார் தேநீரும் குடிப்பதில்லை, கோப்பியும் குடிப்பதில்லை. "நீங்கள் கணக்குப் படிப்பிச்சியள், ஆக்களைப் படிக்கேல்லை," என்றாள் மனைவி. அவர்கள் விட்டுப்போன அட்டையில் இருந்த எண்ணுக்கு அழைத்துத் திரும்ப வரச் சொன்னேன்.

வாசலில் நான் பேச முன்னமே நெட்டையன் மன்னிப்புக் கேட்டான். ஏழு மாதமாகக் கதவுகளைத் தட்டியும் திறந்தவர்கள் சிலர்தானாம். வேலை செய்து கொடுத்தால் திறப்பார்கள் என்று நினைத்தானாம். நான் கதவைச் சாத்திய பிறகுதான், இது உதவியா, கதவுக்குக் கொடுக்கும் விலையா என்று தன்னையே கேட்டானாம். "முதலில் நீங்கள் அழைக்கவேண்டும் என்று செபித்தேன். பிறகு, எங்கே உங்களை நோகடித்தேன் என்று தெரியவேண்டும் என்று செபித்தேன்," என்றான்.

அதனால் சொன்னேன். சாதியை டேனிஷில் சொல்ல எனக்குப் பதினொரு வசனம் தேவைப்பட்டது. அவன் கவனமாகக் கேட்டுவிட்டு, உங்கள் குடும்பத்தில் தொற்றுநோய் இருந்ததா என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுப் பாலை இரண்டு குவளை வாங்கிக் குடித்துவிட்டு மிச்சம் பதினான்கு மீற்றரையும் வெட்டினான். ஒன்றை ஒளிக்காமல் எழுதவேண்டும்: அந்தப் பால் என்னை ஆற்றவில்லை. எதை உடைக்கிறோம் என்று தெரியாதவன் குடித்தது அது. ஆனால் போகும்போது, "உங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியுமா?" என்று ஒரு கேள்வி கேட்டான்.

மகளுக்குத் தெரியாது. அவளுடைய கலியாணப் பேச்சில் மாப்பிள்ளையின் தாய், இப்போது அவளுடைய மாமி, சாதியை அறிய எங்கள் ஊரைக் கேட்டபோது, பட்டணத்துக்குக் கிட்ட என்று சொல்லித் தப்பியவன் நான். இந்த ஊர்த் தமிழர் கூட்டங்களிலும் அப்படித்தான். சொன்னால் மகள் என்னைப் பொய்யன் என்பாளோ, அவள் வீட்டில் என்ன நடக்குமோ என்று இன்னும் பன்னிரண்டு நாள் தள்ளிப்போட்டேன். நெட்டையனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவன் விடைபெற வந்தபோதும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபித்திருப்பேன், மகளிடம் போகாமலும் இருந்திருப்பேன்.

ஹ்விடோவ்ரேயில் மகளின் சமையலறையில் இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் பிள்ளையின் மதியச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்தாள். "ஓ வே சோ?" என்றாள். அதற்கென்ன என்று அர்த்தம். இங்கே பிறந்தவள், டேனிஷில்தான் சொன்னாள். எனக்கு நெஞ்சு இலேசானது. எழும்பி மேலங்கியைப் போட்டேன். வாசல்வரை வந்தவள், உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துத் தமிழில் சொன்னாள்: "மாமிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ அப்பா."

திரும்பும் வழியில், கடலைக் கடக்கும் பெரிய பாலத்தில் ரயில் ஓடும்போது இரண்டு பக்கமும் கடல்தான் தெரிந்தது. அவள் டேனிஷில் சொன்னதையும் தமிழில் சொன்னதையும் மாறிமாறி நினைத்துக்கொண்டு வந்தேன். முதியோர் கழிவு போக, இருக்கைப் பதிவுடன், போகவர ரயில் காசு நானூற்றுப் பன்னிரண்டு குரோனர்.