அம்மா பேச்சுப்பொருளான காலைகள்

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் ரயில் நிலையத்தின் மின்படியில் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அதை முதன்முதலாகக் கேட்டேன். காதில், இணைய வானொலியில், அண்ணனின் குரல். "மக்களே, இன்னைக்குப் பேச்சு இதுதான். வைக்கக்கூடாத இடத்துல எதையாவது வச்சுட்டு வீட்டையே புரட்டிப் போட்டிருக்கீங்களா? நேத்து எங்கம்மா பால் பாக்கெட்டைச் செருப்பு அலமாரில வச்சுட்டு, ஃபிரிட்ஜுக்குள்ள செருப்பைத் தேடினாங்க!" செருப்பைத் தேடியது அவன் கைச்சரக்கு. பால் மட்டும்தான் உண்மை. அதற்குப் பிறகு அவனுடைய அந்தப் பெரிய சிரிப்பு, அதன் மேல் யாரோ எப்போதோ பதிவு செய்து வைத்த கைத்தட்டல். நானும் சிரித்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனி வரும் பத்திகளில் அவன்மேல் எரிந்து விழப்போகிறேன். ஆனால் நானும் ஒன்றும் யோக்கியமில்லை.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். கல்யாணமாகி உட்லண்ட்ஸில் இருக்கிறான். தங்கை நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு புக்கிட் பாத்தோக் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அவனும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து இணையத்தில் ஒரு தமிழ் வானொலி தொடங்கினார்கள். காலை ஏழு முதல் ஒன்பது வரை அவனுடைய நேரம். யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் நினைத்தது தவறாகப் போயிற்று. தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் காய்கறிக் கடை, தையற்கடை, முடி திருத்தும் கடை என்று எங்கே போனாலும் ஒரு கைப்பேசியிலோ சின்ன ஒலிபெருக்கியிலோ அவன் குரல் கேட்டது. அம்மாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. சந்தைக்குப் போகும்போது அவன் வாங்கிக் கொடுத்த புடவையைத்தான் கட்டிக்கொண்டு போவார்.

காலை நிகழ்ச்சி என்றால் தினமும் ஒரு பேச்சுப்பொருள் வேண்டும். அது இலேசாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்டுக்கொண்ட விதி. அரசியல் கூடாது, மதம் கூடாது, சம்பளம் கூடாது, நோய், சாவு கூடவே கூடாது. வேலைக்குப் போகிறவன் காலையில் சிரித்துக்கொண்டே போக வேண்டும். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் என்ன இருக்கும்? சாப்பாடு, மழை, மாமியார், குறட்டை, மறதி. இரண்டு மாதத்தில் அதுவும் தீர்ந்துபோனது. ஒவ்வொரு நாளும் மாலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு என்ன போடலாம்? வீட்ல ஏதாவது காமெடி நடந்துச்சா?" என்று அவன் கேட்பான். பால் பாக்கெட்டைப் படம் எடுத்துப் போட்டது நான்தான்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். சாதாரண ஆளாகச் சேர்ந்து, ஒரு உற்பத்தி வரிசையையே மேற்பார்க்கும் லைன் லீடர் ஆனவர். யாருக்கு எந்த ஷிப்ட், யார் எந்த மேசை, யாருடைய பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் காகிதம் இல்லாமல் தலையிலேயே வைத்திருப்பார். சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும் அவரை இன்னும் 'லீடர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மனுஷியை என் அண்ணன் காலை வேளைக் கோமாளி ஆக்கினான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது அம்மா வீட்டில் இல்லை. அரை மணி நேரம் கழித்து, பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் சீனப் பெரியவர் ஒருவர் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். நடந்தது இதுதான். எங்கள் புளோக்கும் அந்த புளோக்கும் ஒரே அச்சு. அம்மா அந்த புளோக்கில் லிஃப்ட் ஏறி, ஒன்பதாவது மாடியில் இறங்கி, எங்கள் வீட்டைப் போலவே மூலையில் இருக்கும் அவர் வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறார். திறக்கவில்லை. பெரியவர் வெளியே வந்ததும், "என் வீட்ல நீ என்ன பண்ற?" என்று அம்மா அவரோடு மலாயில் சண்டைக்குப் போயிருக்கிறார். தன் கையிலிருந்த சாவியை அம்மா பிடுங்கப் பார்த்ததாகப் பெரியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். எங்கள் வீட்டுச் சாவி அம்மாவின் கையிலேயேதான் இருந்தது. அம்மா சோபாவில் உட்கார்ந்து அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

பயத்தில்தான் அண்ணனுக்குப் போன் செய்தேன். காமெடி சொல்லச் செய்யவில்லை. "அண்ணா, இது வேற மாதிரி இருக்கு, டாக்டர்கிட்ட காட்டணும்" என்று சொன்னேன். "வயசாகுதுலா, டயர்டா இருந்திருப்பாங்க, பாத்துக்கலாம்" என்றான். மறுநாள் காலை அவன் பார்த்துக்கொண்ட விதத்தை நான் வானொலியில் கேட்டேன். "வேற வீட்டுக் கதவைத் திறக்கப் பாத்த அனுபவம் உங்களுக்கு உண்டா மக்களே? எங்கம்மா நேத்து ஒரு சைனீஸ் அங்கிள் வீட்டுக்கே சொந்தம் கொண்டாடிட்டாங்க!"

அழைப்புகள் குவிந்தன. அதுதான் கொடுமை. உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர் தானும் போன வாரம் எட்டாவது மாடிக்குப் பதிலாக ஏழாவது மாடியில் இறங்கி அடுத்தவர் வீட்டு மணியை அடித்ததாகச் சொன்னார். ஒரு பெண் தன் கணவர் வேறு புளோக்கில் போய்க் காலணியைக் கழற்றிவிட்டதாகச் சொன்னார். "அட, எங்க வீட்லயும்தான்!" என்று வந்தவர்கள் அத்தனை பேர். எல்லா புளோக்கும் ஒரே மாதிரி இருக்கிற ஊரில் இது யாருக்குத்தான் நடக்காது? அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மனசு இலேசாகிவிட்டது. ஊருக்கே நடப்பதுதானே அம்மாவுக்கும் நடந்தது. அந்த வாரம் மருத்துவரிடம் போவதாக இருந்த திட்டத்தை நான்தான் தள்ளிப்போட்டேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன். மாடி மாறி இறங்கியவர்கள் எல்லாரும் கதவைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பியவர்கள். அம்மா அந்த வீட்டுக்காரரோடு சண்டை போட்டவர். இந்த வித்தியாசம் அவ்வளவு சிரிப்புக்கு நடுவில் எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் தேக்கா சந்தைக்குப் போனோம். முருங்கைக்காய் எடுத்துக்கொண்டிருந்தபோது கடைக்கார அம்மா, "என்னக்கா, இன்னைக்கு ஒழுங்கா சொந்த வீட்டுக்குப் போயிடுவீங்களா? இல்ல, எங்க வீட்டுக்கு வந்துடுவீங்களா?" என்று கேட்டார். அவர் கெட்டவர் அல்ல. பிரியத்தோடுதான் கேட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். "ரேடியோல கேட்டோம்லா" என்றார் ஒருவர். அம்மாவும் சிரித்தார். கையில் எடுத்த முருங்கைக்காயை அப்படியே வைத்துவிட்டு, "போலாம்" என்று என்னிடம் சொன்னார். ரயிலில் வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவன் என் பேரையும் சொன்னானா?" இல்லை என்றேன். அவன் அம்மா என்று சொன்னாலே போதுமே, ஊருக்கே தெரியுமே என்று நான் சொல்லவில்லை. அதன் பிறகு அம்மா தேக்காவுக்கு வரவே இல்லை. கால் வலி என்றார்.

அதோடு அம்மா பேச்சையும் குறைத்துக்கொண்டார். முன்பெல்லாம் அண்ணன் வந்தால் வாசலிலேயே பேச்சு தொடங்கிவிடும். இப்போது அவன் வந்தால் தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார். குழுவில் போடுவதற்கும் எதுவும் கிடைக்கவில்லை. அம்மா எதையும் மறப்பதில்லை என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். "பாத்தியா, எல்லாம் சரியாயிடுச்சு" என்று அண்ணன் சொன்னான். இப்படியே இரண்டு வருடம் போனது.

பிறகு அலமாரியைச் சுத்தம் செய்யும்போது புடவைகளுக்கு அடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் கிடைத்தது. அம்மாவின் கையெழுத்து. லைன் லீடராக இருந்தபோது எழுதுவதைப் போல வரிசையாக, எண் போட்டு எழுதியிருந்தார். எங்கள் புளோக் எண். மாடி. கதவுக்கு எதிரே பச்சைத் தொட்டி. அடுப்பை அணைத்தாயா, மறுபடி பார். சாமி மாடத்தில் சாவி. என் பெயர், என் அலுவலக எண், என் பிறந்த நாள். பேரப்பிள்ளைகளின் பெயர்கள், பக்கத்தில் யார் மூத்தவன் என்று. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அடிக்கோடிட்டு ஒரே வரி: 'பெரியவன் வந்தால் பேசக்கூடாது.' சில பக்கங்களில் அந்த வரிக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது: 'சின்னவளிடமும்.'

இரண்டு வருடமாக அந்த மனுஷி தன் வீட்டுக்குள்ளேயே ஒளிந்து வாழ்ந்திருக்கிறார், பெற்ற பிள்ளைகளிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் மூளையின் படங்களைப் பார்த்து மறதி நோய் என்று சொல்லிவிட்டு, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். சொன்னேன். இவ்வளவு காலம் ஏன் காத்திருந்தீர்கள் என்று கேட்டார். முன்பே வந்திருந்தாலும் நோய் நின்றிருக்காதாம். ஆனால் இனி எங்கே இருப்பது, யார் பார்த்துக்கொள்வது, எது வேண்டும், எது வேண்டாம் என்று அம்மாவே உட்கார்ந்து சொல்லியிருக்க முடியுமாம். அந்த நேரம் கடந்துவிட்டது. எல்லாவற்றையும் தானே முடிவு செய்து பழகியவர் அம்மா. அவருக்கான முடிவுகளை நாங்கள் எடுக்கிறோம், அவர் என்ன விரும்பியிருப்பார் என்று குத்துமதிப்பாக.

அண்ணன் அழுதான். மருத்துவமனையில் அல்ல, வானொலியில். மறுவாரம் ஒருநாள் காலை பாட்டெல்லாம் நிறுத்திவிட்டு, தன் அம்மாவுக்கு இப்படி ஒரு நோய் என்று குரல் உடைந்து பேசினான். நோய் கூடாது என்ற விதி அன்றைக்கு மட்டும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பாராட்டும் ஆறுதலும் வந்து குவிந்தன. எவ்வளவு பாசமுள்ள மகன் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். நான் அலுவலகப் படிக்கட்டில் நின்று அவனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "அம்மாவோட நோயும் உனக்கு டாபிக்கா?"

"நாலு பேருக்குத் தெரியட்டும்னுதான் பேசினேன்."

"நாலு பேருக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அம்மா ரெண்டு வருஷமா வாயை மூடிட்டு இருந்தாங்க. நோட்டைக் காட்டினேன்லா? படிச்சியா இல்லியா?"

"நான் சிரிக்கத்தானே சொன்னேன். அம்மாவே சிரிச்சாங்கதானே அப்ப?" என்றான். நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் அம்மாவைப் பற்றி நிகழ்ச்சியில் பேசவில்லை. என்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. நான் எதிர்பார்த்தது என்னிடம் கேட்பதை அல்ல.

இப்போது வார நாட்களில் அம்மா முதியோர் பகல் பராமரிப்பு நிலையத்துக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருவான். அம்மாவுக்கு என்னைத் தெரியும் சில நாள், தெரியாது சில நாள். அவனை அனேகமாகத் தெரிவதில்லை. தாடி வைத்த யாரோ ஒரு தம்பி வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக நடத்துவார். வீட்டில் தமிழ் கேட்டுக்கொண்டிருந்தால் அம்மா அமைதியாக இருப்பார் என்பதால் அண்ணனுடைய வானொலியைப் போட்டு வைப்பேன். போன மாதம் அந்த வானொலியின் ஆண்டு விழா. பழைய நிகழ்ச்சிகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டி அந்த ஞாயிறு முழுவதும் போட்டார்கள். யார் பொறுக்கினார்களோ தெரியாது. அண்ணன் தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் குரலே ஒலித்தது.

"மக்களே, எங்கம்மா நேத்து தேக்கா புடவைக் கடைல வாசல்ல நிக்கிற பொம்மைகிட்ட பத்து நிமிஷம் பேசியிருக்காங்க! அப்புறம் கடைக்காரர்கிட்ட போய், 'என்னங்க, உங்க கடைப் பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குது, அவ்ளோ திமிரு'ன்னு கம்ப்ளைன்ட் வேற!" பிறகு அந்தச் சிரிப்பு. கைத்தட்டல்.

அண்ணன் எழுந்து அணைக்கப் போனான். "இருங்க தம்பி, கேப்போம்" என்றார் அம்மா. அவன் கை அந்தரத்தில் நின்றது. முழுவதையும் கேட்டார். நாங்களும் கேட்டோம். முடிந்ததும் அம்மா முகத்தில் ஒரு கோபம். நான் அதைத் தொழிற்சாலை நாட்களில் பார்த்திருக்கிறேன். லைனில் யாரையாவது மேலாளர் அநியாயமாகத் திட்டினால் வரும் கோபம். தேக்கா சந்தையில் வர வேண்டிய கோபம். அன்றைக்கு அடக்கிக்கொண்டதெல்லாம் இப்போது வருகிறது என்று எனக்குத் தோன்றியது.

"யாரு பெத்த புள்ளயோ. அந்தம்மா மானத்த இப்படிச் சந்தி சிரிக்க வைக்கிறானே. அந்தம்மாவுக்கு உடம்புக்கு என்னமோ, ஏதோ. கூட்டிட்டுப் போய்க் காட்ட வேணாமா? இப்படியா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாங்க?" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்துத் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க தம்பி. நியாயமா இது?"

அண்ணன் என்னைப் பார்த்தான். உதவிக்குப் போக எனக்கு மனமில்லை. அவன் அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். அந்த வானொலிக் குரலில் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.

"நியாயமில்லம்மா. ரொம்பத் தப்பும்மா. மன்னிச்சிடுங்கம்மா" என்றான்.

அம்மா அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"நீங்க எதுக்கு தம்பி எங்கிட்ட மன்னிப்பு கேக்குறீங்க? அவன அந்தம்மாகிட்ட போய்க் கேக்கச் சொல்லுங்க" என்றார்.