இரவல் நாற்காலியில் ஒரு விசாரணை

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். மைசூரில் மண்டி மொஹல்லாவில், ஒரு ஸ்கூட்டர் வந்தால் நடந்து போகிறவர்கள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து ஒன்றில் எங்கள் வீடு. வீடு என்றால் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ராமாபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். என் வீட்டுக்காரருக்குப் பெயிண்டிங் வேலை. நான் ஊதுபத்தி கம்பெனி ஒன்றில் பாக்கெட் போடுகிறேன். அதனால் சாமி கும்பிட நேரமில்லாத நாளிலும் எங்கள் வீட்டில் சந்தன வாசனைக்குக் குறைவிருக்காது.

அந்த வருடம் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஒரு மாடிக் கட்டடத்துக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து அவர் கீழே விழுந்தார். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். வலது தொடையில் கம்பி வைத்துத் தைத்தார்கள். வேலை கொடுத்த காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். அதற்குப் பிறகு அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மாநகராட்சியில் ஏழைகளுக்கென்று ஒதுக்குகிற பணத்திலிருந்து ஆபரேஷன் செலவுக்கு ஓர் உதவி கிடைத்தது. வீட்டுக்கு வந்தபின் அவர் இரண்டு பக்கமும் கட்டை ஊன்றித்தான் நடக்க வேண்டும் என்று ஆனது.

என் ஒருத்தி சம்பளத்தில் சாப்பாடு ஓடியது, வாடகை ஓடவில்லை. எங்கள் ஓனரம்மா நல்ல மாதிரிதான். நாங்கள் கொடுத்து வைத்திருந்த அட்வான்ஸில் மாதாமாதம் கழித்துக்கொண்டு வந்தார். ஆனால் அவருக்கும் அந்த வாடகையை விட்டால் வேறு வரும்படி கிடையாது. அட்வான்ஸ் தீரப்போகிறது, அதற்கு மேல் முடியாது, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார். வேறு இடம் என்றால் எங்களுக்கு ஊர்தான். எங்கள் பெண் அப்போது பத்தாம் வகுப்பு. பாதி வருடத்தில் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால் அவள் படிப்பு அதோடு முடிந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். என்னை எட்டாவதில் நிறுத்தியதும் இப்படி ஒரு இடமாற்றத்தில்தான்.

வாடகைக்கும் கூடுதலாக உதவி கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்று என்னோடு பாக்கெட் போடுகிற ஒருத்தி சொன்னாள். என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வாங்கியது வேறு, குடியிருக்கிற வீட்டுக்குக் கை நீட்டுவது வேறு என்றார். அவருடைய நியாயம் அவருக்கு. வாடகை கொடுக்க வேண்டிய கவலை எனக்கு. நான் அவரிடம் சொல்லாமலே போய் மாநகராட்சி ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வந்து, அப்புறம் சொன்னேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் சோறு வேண்டும் என்பதற்காகப் பேசினார்.

வீட்டுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வோம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். சில நாள் கழித்துக் காலையில் ஒரு போன். விசாரணைக்கு வருகிற மேடம்தான். பதினோரு மணிக்கு வருவேன், வீட்டில் இருங்கள் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு ஆபீசர் வருகிறார் என்றால் அது பெண் பார்க்க வருகிற மாதிரி. வந்தவர் என்ன வேலையாக வருகிறார் என்று யோசிக்கவே தோன்றாது. உட்கார வைக்க என்ன இருக்கிறது, குடிக்க என்ன கொடுப்பது, இதுதான் மண்டையில் ஓடும். கம்பெனிக்கு லீவு சொன்னேன். வீட்டைக் கழுவித் துடைத்தேன். மழை ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த பக்கெட், மருந்துப் பை, கிழிந்த பாய் எல்லாம் சமையல்கட்டுக்குள் போயின. பக்கத்து வீட்டு அக்கா கன்னடக்காரர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். அவரிடம் போய் மெத்தை வைத்த நாற்காலி இரண்டும், கண்ணாடி போட்ட டீப்பாயும் இரவல் வாங்கி வந்தேன். அன்று சாயங்காலம் அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் கொடுத்துவிடு என்றார். மத்தியானமே கொண்டுவந்து வைத்துவிடுகிறேன் என்றேன். முந்திரி போட்டுக் கேசரி கிண்டினேன். முந்திரியும் அக்கா வீட்டுடையதுதான்.

மனுவே வேண்டாம் என்றவர் என் வீட்டுக்காரர். ஆனால் மேடம் வருகிறார் என்றதும் அவரும் சளைக்கவில்லை. லுங்கியோடு ஆபீசர் முன்னால் உட்காருவதா என்று இஸ்திரி போட்ட பேண்ட், முழுக்கைச் சட்டை, கைக்கடிகாரம் எல்லாம் கேட்டார். அந்தப் பேண்டை அவர் காலில் ஏற்ற நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பிறகு அவரைத் தாங்கிப் பிடித்து மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தேன். கட்டை இரண்டையும் கதவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார், வைத்தேன். நான் கல்யாணப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. வாடகை கொடுக்க முடியவில்லை என்று சொல்லப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றவள் மைசூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மேடம் சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். தோளில் ஒரு பை, கையில் ஹெல்மெட், முகத்தில் வெயில். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே வந்ததும் கன்னடத்தில் எங்களைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"சென்னாகிதீவி மேடம்" என்றார் என் வீட்டுக்காரர். நன்றாக இருக்கிறோம் என்று அர்த்தம். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அப்புறம் அவர் கேட்டதற்கெல்லாம் நாங்கள் இப்படித்தான் பதில் சொன்னோம். கால் எப்படி இருக்கிறது என்றார், பரவாயில்லை என்றார் இவர். சாப்பாட்டுக்குக் கஷ்டமா என்றார், கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் குறையில்லை என்றேன் நான். வந்தவரிடம் அப்படித்தானே சொல்லுவோம்? பொய் சொல்கிறோம் என்கிற நினைப்பே இரண்டு பேருக்கும் இல்லை. மேடம் சிரிக்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தார், எழுதினார். எனக்குப் பயமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் காதருகே குனிந்து தமிழில், "சிடுமூஞ்சியாட்டம் இருக்குதுங்க, முதல்ல கேசரியக் குடுத்தர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

கேசரியும் காப்பியும் கொண்டுவந்து டீப்பாயில் வைத்தேன். மேடம் போனை எடுத்து, வீட்டோடு சேர்த்து எங்களை ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றார். நான் கேசரித் தட்டை நன்றாகத் தெரியும்படி நடுவில் நகர்த்தி வைத்துவிட்டு இவர் பக்கத்தில் நின்றேன். போட்டோ எடுத்தார். மறுபடியும் ஏதோ எழுதி, கீழே கோடு போட்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைக்கப் போனார்.

அந்த நேரத்தில் வாசலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே வருவதா வேண்டாமா என்று நின்றுவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணால் நாற்காலியைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. கடைசியில் அவரே மெல்லச் சொன்னார்.

"தப்பு திள்கோபேடம்மா, அவுங்க இப்பவே வந்துட்டாங்க. வாசல்ல நிக்கறாங்க. சேர் வேணுமே."

தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று அவர் சொன்னாலும், தப்பெல்லாம் என்னுடையது. அவரும்தான் என்ன செய்வார்? மாப்பிள்ளை வீட்டாரைத் தரையில் உட்காரச் சொல்ல முடியுமா? எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மேடம் சட்டென்று எழுந்து தன் நாற்காலியை அக்காவிடம் கொடுத்துவிட்டார். நான் டீப்பாய் மேலிருந்த தட்டையும் டம்ளரையும் கையில் எடுத்துக்கொண்டேன். மிச்சம் இருந்தது என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலி.

அவர் இரண்டு கைப்பிடியையும் அழுத்தி எழுந்திருக்கப் பார்த்தார். பாதிக்கு மேல் முடியவில்லை. திரும்பவும் பார்த்தார். முகம் வலியில் சுருங்கிவிட்டது. என் கையில் தட்டு, டம்ளர். கட்டை கதவுக்குப் பின்னால். அக்கா நாற்காலியைத் தொடவும் முடியாமல், போகவும் முடியாமல் நின்றார். மேடம் என் வீட்டுக்காரரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். நான் தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஓடிப்போய்க் கட்டைகளை எடுத்து வந்தேன். இஸ்திரி போட்ட பேண்டும் கைக்கடிகாரமுமாக, ஒற்றைக் காலில், அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். அவர் சாரத்திலிருந்து விழுந்தார் என்று கேட்டபோதுகூட நான் அப்படி உடைந்து போகவில்லை.

அக்கா சாமான்களை எடுத்துக்கொண்டு போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. இவரைக் கட்டிலில் உட்கார வைத்தோம். மேடம் அதே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்புறம் நல்ல தமிழில் பேசினார். அவருக்கு எங்கள் பக்கம்போலத் தமிழும் புழங்குகிற கொள்ளேகால் என்பது பிற்பாடு தெரிந்தது. சிடுமூஞ்சி என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்குமே என்று எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நான் கண்ணால பாக்கறதத்தான் எழுத முடியும்மா. நீங்க காட்டுனதப் பாத்துட்டு, இவங்களுக்குத் தேவையில்லைன்னு எழுதிட்டேன்" என்றார்.

பதினைந்து நிமிடத்தில் என் பெண்ணின் படிப்பை நானே கேசரி கிண்டிக் கொடுத்து வழியனுப்பி வைத்திருக்கிறேன். பட்டுப்புடவை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அட்வான்ஸ் தீர்ந்தது, ராத்திரி அவர் வலியில் புரள்வது, பெண்ணுக்குப் பத்தாவது, எல்லாவற்றையும் சொன்னேன். சமையல்கட்டில் ஒளித்து வைத்த பக்கெட்டைக்கூடக் கொண்டுவந்து காட்டினேன். மேடம் அதையும் எட்டிப் பார்த்தார்.

வேறு போட்டோ எடுக்க வேண்டும், கட்டையோடு நிற்கட்டும் என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது மட்டும் வேண்டாமுங்க மேடம். கட்டைய ஊனிட்டு நிக்கற போட்டோ என்ற புள்ள கண்ணுல படக்கூடாதுங்க."

"உங்க பொண்ணு தினமும் பாக்கறாளே. பாக்காதது எங்க ஆபீசுதான்" என்றார் மேடம்.

இவர் தானே கட்டையை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றார். மேடம் முதல் போட்டோவை அழித்துவிட்டு இதை எடுத்தார். எழுதியதை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, புதிதாக எழுதினார். எதையும் கூட்டி எழுதவும் மாட்டேன், கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன், மேலே இருப்பவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று கறாராகச் சொன்னார். போவதற்கு முன்னால், ஆறிப்போன கேசரியை எடுத்துச் சாப்பிட்டார். முந்திரி நிறையப் போட்டிருக்கிறீர்கள் என்றார். அப்போதுதான் அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

உதவி கிடைத்தது. முழு வாடகைக்கு இல்லை, அதுவும் சில மாதங்களுக்குத்தான். ஆனால் அதைக் காட்டி ஓனரம்மாவிடம் பேசினோம், மிச்சத்துக்குப் பொறுத்துக்கொண்டார். எங்கள் பெண் அதே பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதினாள், இப்போது பி.யு.சி. படிக்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா மகளுக்கும் அந்த மாப்பிள்ளையே முடிந்தது. என் வீட்டுக்காரர் கட்டையை விட்டுவிட்டார், காலைச் சாய்த்து நடப்பார். சாரம் ஏறுகிற வேலை இனி இல்லை. ஒரு கடையில் பெயிண்ட் கலந்து கொடுக்கிறார். நாங்கள் சொந்தமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறோம், பெண் பார்க்கிற விசேஷம் என்றால் சந்தில் அதையும் இரவல் கேட்கிறார்கள்.

வீட்டுக்கு வருகிறவருக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்கிற பழக்கத்தை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் உடனே பதில் சொல்வதில்லை. கேட்பவர் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, வலி இருக்கிற நாளில் வலிக்கிறது என்கிறார். அந்த ஒரு வார்த்தை எங்கள் வாயில் வருவதற்கு, உட்கார்ந்திருந்த நாற்காலியே எங்களை விட்டுப் போக வேண்டியிருந்தது.