மகளின் சுவரில் பதினொரு பெண்கள்

காலையில் மடித்த உடுப்புகளோடு மகளின் அறைக்குள் போனால், பதினொரு அமெரிக்கப் பெண்கள் சுவரிலிருந்து என்னைப் பார்க்கிறார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒருத்தி பதாகை பிடித்திருக்கிறாள். ஒருத்தி பொலிஸ்காரனுக்கு முன்னால் அசையாமல் நிற்கிறாள். ஒருத்தி தொப்பியும் கைப்பையுமாகத் தெருவில் நடந்து போகிறாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அபிரா தன் குண்டுக் கையெழுத்தில் பெயரும் ஊரும் எழுதி ஒட்டியிருக்கிறாள். பதினேழு வயதுப் பிள்ளைகளின் சுவரில் பாட்டுக்காரர்களின் படம் தொங்குகிறது என்று லண்டன் ஈஸ்ட் ஹாமில் மற்றத் தாய்மார் குறைப்படுவார்கள். எனக்கு வாய்த்தது இது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெண்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

அமெரிக்காவில் கறுப்பு மக்களும் பெண்களும் உரிமைக்காகப் போராடிய வரலாறு இங்கே உயர்தர வகுப்பில் ஒரு பாடம். லண்டனில் இருந்துகொண்டு ஏன் அமெரிக்கா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன், அது சிலபஸ் என்றாள். இரவுச் சாப்பாட்டு மேசையில் அவர்களைப் பற்றித்தான் பேச்சு. பஸ்ஸில் வெள்ளையருக்கு எழும்பி இடம் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, ஒரு வருடத்துக்கு மேலாகப் பஸ்ஸில் ஏறாமல் வேலைக்கு நடந்தே போனார்களாம். ஒருத்தி கோழி பொரித்து, கேக் சுட்டு விற்று, அந்தப் போராட்டத்துக்குப் பணம் சேர்த்தாளாம். இவ்வளவும் செய்த பெண்களில் ஒருத்திக்குக்கூடத் தலைநகரில் நடந்த பெரிய ஊர்வலத்தில் முக்கிய உரை கிடைக்கவில்லையாம். சொல்லும்போது அபிராவின் கண் கலங்கியது. அவளுடைய தகப்பன், பாவம், சோற்றைப் பிசைந்தபடி தலையாட்டினார். பன்னிரண்டு மணிநேர ஷிப்ட் நின்று வீங்கிவரும் என் காலைப் பார்த்து அந்தக் கண் ஒரு நாளும் கலங்கியதில்லை.

நானும் நடந்தவள்தான். யாழ்ப்பாணத்தில் ராணுவம் செய்த ஒரு சுற்றிவளைப்பில் என் அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனபோது எனக்கும் இதே பதினேழு வயது. ஆண்கள் போய்க் கேட்டால் அவர்களையும் உள்ளே போட்டுவிடுவார்கள் என்பதால், பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளிலிருந்து பெண்கள் மட்டும் புறப்பட்டோம். முகாம் வாசலில் தலைக்குத் துவாய் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றோம். போகச் சொன்னார்கள், போகவில்லை. துவக்கைக் காட்டிச் சுடுவோம் என்றார்கள். அப்போதும் நின்றோம், ஓடுவதற்குக் கால் வராததும் ஒரு காரணம். நாலாம் நாள் அண்ணா வெளியே வந்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற தாயின் மகன் வரவேயில்லை. அண்ணா இப்போது கனடாவில். கடவுள் கண் திறந்ததால் தப்பினேன் என்று விருந்துகளில் சொல்வார். அவருடைய கதையில் வாசலில் யாரும் நின்றதில்லை. நாங்கள் நின்றதற்குப் படம் இல்லை. அந்த இடத்தில் யாராவது கமரா தூக்கியிருந்தால் அவரையும் தேடித் திரிந்திருப்போம். அமெரிக்கப் பெண்கள் எந்தத் தெருவால் நடந்தார்கள் என்று என் மகளுக்கு மனப்பாடம். நான் நடந்ததே அவளுக்குத் தெரியாது. தானாகக் கேட்கட்டும் என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை.

இனிச் சங்கத்துக் கதை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெற்றோர் சங்கம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை பொதுக்கூட்டம், ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு. அந்த வாக்கு யாருடைய கையில் இருக்கிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எழுத வேண்டிய தேவையும் வந்ததில்லை. வாக்கெடுப்பு முடிந்த கையோடு தேநீர் என்பதால், ஆண்கள் கை தூக்கும் நேரத்தில் பெண்கள் நாங்கள் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருப்போம். குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஷட்டர் போட்ட ஒரு ஜன்னல் உண்டு, அதால்தான் தட்டுகள் போகும். மண்டபத்தைத் திறந்துவிடும் வெள்ளைக்காரர், நீங்கள்தானே கேட்டரிங் என்று ஒவ்வொரு வருடமும் என்னிடம் கேட்பார். இல்லை, நானும் சங்கத்து ஆள் என்று முதல் வருடம் விளக்கினேன். அப்படியென்றால் ஏன் உள்ளே போய் இருக்கவில்லை என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அடுத்த வருடத்திலிருந்து ஓம் என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த வருடம் தலைவர் பதவிக்கு முதல் தடவையாக ஒரு பெண், சுகந்தி ரீச்சர், போட்டியிட்டார். அவரும் என்னோடு குசினியில்தான் நின்றார், தேநீர் ஊற்ற ஆள் போதாது. கூட்டத்தின் தொடக்கத்தில், எங்கள் பிள்ளைகளின் திறமையைக் காட்ட வேண்டும் என்று அபிராவை மேடைக்கு அழைத்து, அவளுடைய பாடத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் அழகாகப் பேசினாள். உழைத்த பெண்களைப் பின்னால் கோப்பி ஊற்ற விட்டுவிட்டு ஆண்கள் முன்னால் இருந்து முடிவெடுத்தார்கள் என்று அவள் சொன்னபோது, முன்வரிசை ஆண்கள் அமெரிக்கப் பெண்களுக்காக உச்சுக்கொட்டினார்கள். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. ஷட்டருக்குப் பின்னால் எண்ணெய்ச் சட்டியோடு நின்ற எனக்கு வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளை மீது பொறாமைப்படுகிறவளும் தாயா என்று நீங்கள் கேட்கலாம். அன்று பட்டேன். இதையே நான் தமிழில் சொல்லியிருந்தால், அக்காவுக்கு இன்றைக்கு என்னவோ கோபம் என்று முடித்திருப்பார்கள்.

வாக்கெடுப்பு வந்தது. பழைய தலைவருக்கு ஆதரவானவர்கள் கை தூக்கினார்கள், அதில் என் கணவருடைய கையும் இருந்தது. பிறகு ரீச்சருக்கு என்றார் செயலாளர். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள். நான் அகப்பையை வைத்துவிட்டு, பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குக் கீழால் கையை வெளியே நீட்டி உயர்த்தினேன்.

செயலாளர் கண்டுவிட்டார். “ஓம் அக்கா, தேத்தண்ணி ரெடியெண்டா கொண்டு வரலாம். எண்ணி முடியுது.”

“தேத்தண்ணிக்கு இல்லைத் தம்பி. ரீச்சருக்கு.”

செயலாளர் நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னார். “அண்ணை ஏற்கெனவே தூக்கிட்டார் அக்கா. ஒரு குடும்பத்துக்கு ஒண்டுதானே.”

“அது அவற்ர கை. இது என்ர.”

என் கையை அவர் எண்ணவில்லை. எண்ணியிருந்தாலும் ரீச்சர் தோற்றுத்தான் இருப்பார். ரீச்சரே என் முழங்கையைத் தொட்டு, விடுங்கோ அக்கா, தேத்தண்ணி ஆறுது என்றார். முடிவைச் சொல்லும்வரை நான் கையை இறக்கவில்லை. தோள் நொந்தது. பிறகு என்ன, தேநீரும் ரோல்ஸும் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்கள், ஆனால் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் கணவர் இறங்கும் இடத்துக்குக் கிட்ட வந்ததும் சொன்னார்.

“முதலே சொல்லியிருந்தா நான் தூக்காம விட்டிருப்பன்.”

அன்பாகத்தான் சொன்னார். தான் விட்டுக்கொடுத்தால்தான் எனக்குக் கை வரும் என்பது அந்த அன்புக்குள்ளேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அபிரா என் பின்னாலேயே திரிந்தாள். “அம்மா, நீங்க முதலும் எங்கயாவது இப்பிடி நிண்டிருக்கிறீங்களா?” என்று கேட்டாள். உடுப்பு மடிக்கும் கட்டிலில் இருந்தபடி முகாம் வாசலைச் சொன்னேன். வராத மகனின் தாயைச் சொன்னபோது அவளுடைய கண் கலங்கியது. இத்தனை வருடமாக நான் காத்திருந்த கண்ணீர் அதுதான். ஆனாலும் அந்தக் கேள்வியை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் சுவரில் இருக்கும் அந்தப் பதினொரு பேர் என்ற நினைப்பு என்னை விடவில்லை.

அடுத்த நாள் சுவரில் பன்னிரண்டாவது படம் இருந்தது. முன்வரிசையிலிருந்து போனில் எடுத்ததைக் கறுப்பு வெள்ளையாக்கி ஒட்டியிருந்தாள். ஷட்டர் மறைத்ததால் முகம் இல்லை. ரோல்ஸ் பிரட்டிய ரஸ்க் தூள் ஒட்டிய ஒரு கையும் இரண்டு காப்பும் மட்டும்தான். மற்றவர்களுக்கு முகமாவது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கீழே என் பெயரை எழுதிவிட்டு, பேனையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, ஊர் எண்டு என்ன போடுறது? யாழ்ப்பாணமா, ஈஸ்ட் ஹாமா?”

உடுப்பை வைத்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கிறது. மற்றப் பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு ஊர்தான் இருந்திருக்கிறது. அதிலும் எனக்குப் பொறாமை.